சிறார் நன்னடத்தைச் சேவைகளின் மதிப்பீடு

சிறார் நன்னடத்தைச் சேவைகளின் மதிப்பீடு என்பது, குற்றச் செயலில் ஈடுபட்டதாகக் கண்டறியப்பட்டு, இல்லத்திற்கு அனுப்பப்படாமல் நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் குடும்பத்துடனேயே வாழ விடப்படும் சிறாருக்கு அளிக்கப்படும் சமுதாயச் சேவைகள் உரிய பயனைத் தருகின்றனவா என முறையாக ஆராய்வதாகும். உளவள ஆலோசனை, தொழிற்பயிற்சி, போதை மீட்பு, பள்ளியில் மீளச் சேர்த்தல், குடும்ப ஆலோசனை ஆகியன இச்சேவைகளுள் அடங்கும். இவற்றுள் பலவற்றை அரசு நேரடியாக வழங்குவதில்லை. தன்னார்வத் தொண்டு நிறுவனங்களோ தனியார் அமைப்புகளோ அரசின் ஏற்பு, மானியம், புரிந்துணர்வு ஒப்பந்தம் முதலியவற்றின் அடிப்படையில் வழங்குகின்றன. ஆகவே, ஒரு சிறுவனை எந்த அமைப்பிடம் ஒப்படைக்கலாம், அவ்வமைப்பை எதன் அடிப்படையில் தொடர்ந்து ஏற்கலாம் என்ற கேள்விகளுக்கு விடை காண மதிப்பீடு தேவைப்படுகிறது.

இந்தியாவில் இச்சேவைகளுக்கான சட்ட அடிப்படை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் உள்ளது. இச்சட்டம் 2016 சனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தது.

வரலாறு

தமிழகத்தில் குற்றம் புரிந்த சிறாரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள செங்கல்பட்டில் 1887இல் சீர்திருத்தப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. பிற்காலத்தில் இதுவே சிறுவர்களுக்கான அரசினர் சிறப்பு இல்லமாக மாறியது. செங்கல்பட்டு பின்னர் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2019இல் தனி மாவட்டமானது.

1919-20ஆம் ஆண்டுகளில் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழு, சிறாருக்குத் தனி நீதிமன்றங்களும் தனி இல்லங்களும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இந்தியாவில் சிறாருக்கென இயற்றப்பட்ட முதல் மாகாணச் சட்டம் 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டமாகும். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் இதைத் தொடர்ந்தன. சிறுவரை உறவினரிடமோ தகுதியுடைய பிறரிடமோ ஒப்படைத்துக் கண்காணிக்கலாம் என்னும் கருத்து இச்சட்டங்களின் வழியே வேரூன்றியது.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1960இல் ஒன்றியப் பகுதிகளுக்கான சிறுவர் சட்டத்தை இயற்றியது. 1986இல் நாடு முழுமைக்குமான முதல் இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

சட்டப் பின்னணி

18 வயது நிறைவடைவதற்கு முன் குற்றம் புரிந்ததாகக் கூறப்படும் எவரும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவர். இக்குழுமத்தில் ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் இருப்பர். சமூகப் பணியாளருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

சிறுவனின் குடும்பம், கல்வி, நண்பர்கள், குற்றச் சூழல் ஆகியவற்றை விளக்கும் சமூகப் புலனாய்வு அறிக்கையை நன்னடத்தை அலுவலர் இரு வாரங்களுக்குள் அளிக்க வேண்டும். விசாரணையின் முடிவில் சிறுவன் குற்றம் புரிந்தமை தெரியவந்தால், சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் குழுமம் பின்வரும் ஆணைகளுள் ஒன்றைப் பிறப்பிக்கலாம்.

1. அறிவுரை கூறி வீட்டிற்கு அனுப்புதல்
2. குழு ஆலோசனையில் பங்குபெறச் செய்தல்
3. ஓர் அமைப்பின் மேற்பார்வையில் சமுதாயப் பணி செய்யப் பணித்தல்
4. தண்டம் விதித்தல்
5. பெற்றோர், பாதுகாவலர் அல்லது தகுதி வாய்ந்த ஒருவரின் பொறுப்பில் நன்னடத்தையின் பேரில் விடுவித்தல்
6. தகுதி வாய்ந்த அமைப்பு ஒன்றின் பொறுப்பில் நன்னடத்தையின் பேரில் விடுவித்தல்
7. சிறப்பு இல்லத்திற்கு அனுப்புதல்

இவற்றுள் இறுதி மூன்றும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. இவற்றுடன் பள்ளிக்குச் செல்லுதல், தொழிற்பயிற்சி பெறுதல், போதை மீட்புச் சிகிச்சை பெறுதல், குறிப்பிட்ட இடங்களுக்குச் செல்லாதிருத்தல் போன்ற கூடுதல் நிபந்தனைகளையும் குழுமம் விதிக்கலாம். இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும்.

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், சமுதாயப் பணியை 14 வயதுக்கு மேற்பட்டோர் செய்யும் பணியாக வரையறுக்கின்றன. பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவுதல், மருத்துவமனைகளில் உதவுதல் முதலியன இதற்கு எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன.

மதிப்பீட்டிற்கும் சட்டத்தில் இடமுண்டு. 54ஆம் பிரிவு இல்லங்களைப் பார்வையிடும் ஆய்வுக் குழுக்களைப் பற்றியது. 55ஆம் பிரிவின்படி, குழுமங்கள், பதிவு பெற்ற இல்லங்கள், ஏற்பு பெற்ற தகுதி வாய்ந்த அமைப்புகள் ஆகியவற்றின் செயற்பாட்டை நடுவண் அரசோ மாநில அரசோ தனித்த முறையில் மதிப்பிடலாம்.

தமிழ்நாட்டில் நிருவாக அமைப்பு

தமிழ்நாட்டில் இத்துறை நெடுங்காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்ற பெயரில் இயங்கியது. பின்னர் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை எனப் பெயர் மாற்றம் பெற்றது. மாவட்ட அளவில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் செயற்படுகின்றன. நடுவண் அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் 2009-10இல் தொடங்கப்பட்டது. இதன் தொடர்ச்சியாக 'மிசன் வாத்சல்யா' என்னும் திட்டம் 2021-22 முதல் நடைமுறையில் உள்ளது.

சமுதாயச் சேவை அமைப்புகளுக்கும் அரசுக்கும் உள்ள உறவு, மேலை நாடுகளில் உள்ளது போன்ற விரிவான விலை ஒப்பந்தமாகப் பெரும்பாலும் அமைவதில்லை. ஓர் அமைப்பு ஏற்பு பெறுகிறது; சிறுவர்கள் அனுப்பப்படுகிறார்கள்; செலவின் ஒரு பகுதியை அவ்வமைப்பு தன் நன்கொடையாளரிடமிருந்து பெறுகிறது. இதனால் எத்தனை அமர்வுகள், எவ்வளவு காலம், என்ன விளைவு என்பன எழுத்தில் வரையறுக்கப்படாமல் போக வாய்ப்புண்டு. எழுத்தில் இல்லாத ஒன்றை மதிப்பிடுதல் கடினம்.

மதிப்பீட்டின் தேவை

2022 திசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். திருட்டுக் குற்றச்சாட்டின் பேரில் அவன் இல்லத்திற்குக் கொண்டுவரப்பட்டு ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. அவன் தாக்கப்பட்டு இறந்ததாக வழக்குப் பதிவு செய்யப்பட்டு, 2023 சனவரியில் இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். இதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. மாநிலத்தின் சிறார் இல்லங்களை ஆராய்ந்த இக்குழு 2023இல் தன் அறிக்கையை அளித்தது.

இந்நிகழ்வு இல்லங்களின் ஆபத்தை வெளிப்படுத்தியது. எனினும் இல்லம் தீயது என்பதனால் மட்டுமே சமுதாயச் சேவை நல்லதாகிவிடாது. இல்லத்தில் நிகழும் தீங்கு ஒருநாள் வெளிச்சத்திற்கு வரலாம். வீட்டிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு நிறுவனத்திற்குச் செல்லும் சிறுவனுக்குப் பயனில்லாத சேவையோ தீங்கான சேவையோ கிடைத்தால் அது எவர் கண்ணிலும் படாமல் போகக்கூடும். இல்லங்களைப் பார்வையிட ஆய்வுக் குழு உண்டு. வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அத்தகைய குழு இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, 2010களில் பிடிபட்ட சிறாருள் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேற்பட்டோர் பெற்றோருடன் வாழ்ந்தவர்கள். பெரும்பான்மையினர் 16 வயது நிறைந்து 18 வயது நிறையாதவர்கள். எனவே இவர்களுள் மிகப் பலரைக் குடும்பத்திலேயே வைத்துத் திருத்துவது இயலக்கூடியதே. குடும்பத்தில் வைத்து அளிக்கப்படும் உதவி தரமானதாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

நல்ல நோக்கமும் தீய விளைவும்

நல்லெண்ணத்துடன் நடத்தப்படும் சேவை நன்மையே செய்யும் என்ற பொதுவான நம்பிக்கையை ஆய்வுகள் கேள்விக்கு உட்படுத்தியுள்ளன.

- கேம்பிரிட்சு-சாமர்வில் ஆய்வு: அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் 1939இல் தொடங்கியது. ஒத்த தன்மையுடைய சிறுவர்களை இணைகளாக்கி, இணைக்கு ஒருவரை நாணயம் சுண்டித் தெரிவுசெய்து, அவருக்குச் சராசரி ஐந்து ஆண்டுகள் ஆலோசனை, கல்வி உதவி, கோடை முகாம் முதலியவை அளிக்கப்பட்டன. மற்றவருக்கு எதுவும் அளிக்கப்படவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் சோன் மெக்கார்டு 500க்கும் மேற்பட்ட அவர்களைத் தேடி ஆராய்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களுள் பெரும்பாலோர் அத்திட்டம் தமக்குப் பயன்பட்டதாகக் கூறினர். ஆனால் குடிப்பழக்கம், மீள்குற்றம், இளவயது இறப்பு முதலிய பலவற்றில் அவர்களது நிலை உதவி பெறாதோரைவிட மோசமாகவே இருந்தது.

- அச்சுறுத்தித் திருத்தும் திட்டங்கள்: சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று, கைதிகளைக் கொண்டு அச்சுறுத்தும் முறை 1970களில் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் புகழ் பெற்றது. பின்னர் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளின் தொகுப்பு, இத்திட்டத்தில் பங்கேற்றோர் பங்கேற்காதோரைவிட அதிகமாகக் குற்றம் புரிந்ததைக் காட்டியது.

- குழுச் சேர்க்கையின் தீங்கு: தவறிழைத்த சிறுவர்களைப் போதிய கண்காணிப்பின்றி ஒரே குழுவில் சேர்த்தால், ஒருவர் மற்றவரின் தீய பழக்கத்தைப் பாராட்டி வளர்க்கும் நிலை உண்டாகலாம் என 1999இல் டிசியன், மெக்கார்டு, பவுலின் ஆகியோர் சுட்டிக்காட்டினர்.

பயனாளிகளின் பாராட்டு மட்டுமே ஒரு சேவையின் வெற்றிக்குச் சான்றாகாது என்பது இவற்றின் பொதுவான பாடமாகும்.

மதிப்பீட்டு முறைகள்

செயற்பாட்டு மதிப்பீடு

திட்டமிட்டது திட்டமிட்டபடி நடந்ததா என இம்முறை ஆராய்கிறது. எத்தனை சிறுவர் அனுப்பப்பட்டனர், எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், ஆலோசகர் பயிற்சி பெற்றவரா, ஒவ்வொருவருக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டதா போன்றவை இதில் அடங்கும். இடையில் நின்றோரைக் கணக்கில் சேர்க்காமல் முடித்தோரை மட்டும் காட்டுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

விளைவு மதிப்பீடு

சிறுவனின் வாழ்வில் மாற்றம் நேர்ந்ததா என இம்முறை ஆராய்கிறது. மீண்டும் பிடிபடாமை, பள்ளியிலோ தொழிலிலோ நிலைத்தல், போதையிலிருந்து விலகியிருத்தல், குடும்ப உறவு சீர்படுதல் ஆகியன வழக்கமான அளவைகள். மீண்டும் பிடிபடாமை என்பதை மட்டும் அளந்தால், காவல்துறை அடிக்கடி தேடிச் செல்லும் பகுதிகளில் வாழும் சிறுவர்கள் மற்றவர்களைவிட மோசமானவர்களாகத் தோன்றக்கூடும்.

தரப்படுத்திய மதிப்பீடு

அமெரிக்க ஆய்வாளர் மார்க் லிப்சே நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து, எத்தன்மையுடைய சேவைகள் மீள்குற்றத்தைக் குறைக்கின்றன என 2009இல் வெளியிட்டார். திறன் வளர்ப்பும் ஆலோசனையும் சார்ந்த சேவைகள் பயனளிப்பதையும், அச்சுறுத்தலும் கடும் ஒழுங்கும் சார்ந்தவை பயனளிக்காததையும் அத்தொகுப்பு காட்டியது. இதனடிப்படையில் உருவான மதிப்பீட்டுக் கருவி, சேவைகளுக்கு 100 வரை புள்ளி வழங்குகிறது. சேவையின் வகை, தரம், அளவு, சேவை பெறும் சிறாரின் இடர்நிலை ஆகிய நான்கும் கணக்கிடப்படுகின்றன. பென்சில்வேனியா முதலிய மாநிலங்கள் இதைப் பயன்படுத்தி, ஒப்பந்த அமைப்புகளுக்குக் குறைகளைச் சுட்டி மேம்படுத்த வழிகாட்டின.

ஒப்பீட்டின் இன்றியமையாமை

இரு அமைப்புகளை வெறும் விழுக்காட்டைக் கொண்டு ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டு இதை விளக்கும்.

'அ' என்னும் அமைப்பு முதன்முறை சிறு திருட்டில் பிடிபட்ட 40 சிறுவர்களை ஏற்கிறது. அவர்களுள் 4 பேர் மீண்டும் பிடிபடுகின்றனர். 'ஆ' என்னும் அமைப்பு பலமுறை பிடிபட்டு, போதைப் பழக்கமும் உள்ள 40 பேரை ஏற்கிறது. அவர்களுள் 12 பேர் மீண்டும் பிடிபடுகின்றனர். 10 விழுக்காட்டையும் 30 விழுக்காட்டையும் பார்ப்பவர் 'அ' சிறந்தது என்பர். ஆனால் எவ்வித உதவியும் இல்லாதபோதே முதல் வகையினருள் 4 பேரும் இரண்டாம் வகையினருள் 20 பேரும் மீண்டும் பிடிபடுவர் எனத் தெரிந்தால் முடிவு மாறிவிடும். 'அ' எதையும் சாதிக்கவில்லை. 'ஆ' 8 சிறுவர்களைக் காத்துள்ளது.

விழுக்காட்டின் அடிப்படையில் மானியம் வழங்கினால், கடினமான சிறுவர்களை ஏற்க மறுக்கும் அமைப்புகளே பரிசு பெறும். இவ்வாறு எளியோரைத் தெரிந்தெடுத்துக் கொள்வதைத் தவிர்க்க, ஒவ்வொருவரின் தொடக்க இடர்நிலையையும் பதிவு செய்தல் தேவை. சமூகப் புலனாய்வு அறிக்கையில் இதற்கான விவரங்கள் பெரும்பாலும் உள்ளன.

மாவட்ட அளவில் எண்ணிக்கை குறைவாக இருப்பது மற்றொரு சிக்கலாகும். 20 பேரில் மூவர் என்பதற்கும் ஐவர் என்பதற்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் நிகழலாம். பல ஆண்டுகளின் அல்லது பல மாவட்டங்களின் தரவுகளை இணைத்துப் பார்ப்பது இதற்குத் தீர்வாகும்.

காஞ்சிபுரம் பகுதியின் தன்மைகள்

மதிப்பீட்டுக் கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுபடும். காஞ்சிபுரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. நெசவாளரிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு குழந்தைகளைத் தறியில் உதவியாளராக அமர்த்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியில் பரவலாக இருந்தது. இதை விளக்கும் அறிக்கையை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்டது. அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்திய இணைப்புப் பள்ளிகளும், விழிப்புணர்வும் இவ்வழக்கத்தைப் பெரிதும் குறைத்தன.

இப்பின்னணியில், நன்னடத்தையில் விடப்பட்ட ஒருவன் தறியிலோ பணிமனையிலோ 'தொழிற்பயிற்சி' பெறுகிறான் என ஓர் அமைப்பு தெரிவித்தால், அது பயிற்சியா உழைப்பா என மதிப்பீட்டாளர் பிரித்தறிய வேண்டும். கற்பிப்பவர் உள்ளாரா, பாடத்திட்டம் உண்டா, சான்றிதழ் கிடைக்குமா, ஊதியம் உண்டெனில் அது யாரிடம் செல்கிறது, குடும்பத்தின் கடனுக்காக அது பிடிக்கப்படுகிறதா என்பன கேட்க வேண்டிய கேள்விகள். சீர்திருத்தம் என்ற பெயரில் கொத்தடிமை முறை மீளாதிருக்க இது இன்றியமையாதது.

தொலைவும் கருத்தில் கொள்ளத்தக்கது. பெரிய ஏரியால் அறியப்படும் தென்னேரி போன்ற ஊரில் வாழும் சிறுவன் நகரில் நடக்கும் ஆலோசனை அமர்வுக்கு வர வேண்டுமெனில், உடன் வரும் தாயோ தந்தையோ ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். வருகைப் பதிவேட்டில் அவன் 'வரவில்லை' என்று மட்டுமே குறிக்கப்படுவான். தொடர்ந்து வராமை நிபந்தனை மீறலாகக் கருதப்பட்டால், வறுமையே அவனுக்கு எதிரான சான்றாகிவிடும். எனவே வராமைக்கான காரணத்தையும் பதிவு செய்யும் மதிப்பீடே நேர்மையானதாகும். அமைப்பு வீடு தேடிச் செல்கிறதா, பயணச் செலவைத் தருகிறதா என்பவையும் சேவையின் தரத்தைக் காட்டும்.

மந்தணமும் தரவும்

சிறாரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. 24ஆம் பிரிவின்படி, குற்றத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு சிறாரைப் பொதுவாகச் சாராது. உரிய காலத்திற்குப் பின் தீர்ப்பு தொடர்பான ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும். கொடுங்குற்றங்களில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் இதில் விலக்குண்டு.

பழையதை மறந்து புதுவாழ்வு தொடங்க வாய்ப்பளிப்பதே இதன் நோக்கம். அதே வேளையில், ஐந்தாண்டுகளுக்குப் பின் அச்சிறுவன் எவ்வாறு வாழ்கிறான் என அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இது தடையாகிறது. பெயரை நீக்கி எண்ணால் குறித்தல், சிறுவனும் பெற்றோரும் அளிக்கும் இசைவின் பேரில் மட்டும் தொடர்பு கொள்ளுதல், தொகுத்த எண்ணிக்கைகளை மட்டும் வெளியிடுதல் ஆகியன பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகள். இவற்றுக்கிடையே முரண் எழுமாயின் சிறுவனின் நலனே முதன்மை பெறும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டமை குறித்து 2007இல் தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. குழந்தைகள் பராமரிப்பு நிறுவனங்கள் அனைத்தையும் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் வகுக்கவும், சமூகத் தணிக்கை நடத்தவும் அது பணித்தது. 2018 பிப்ரவரி 9 அன்று சம்பூர்ணா பெகுரா வழக்கில் அளித்த தீர்ப்பில், இளைஞர் நீதி அமைப்புகளில் உள்ள காலியிடங்களை நிரப்பவும் முறையான தணிக்கைகள் மேற்கொள்ளவும் வலியுறுத்தியது. எனினும் இத்தணிக்கைகள் பெரிதும் இல்லங்களையே நோக்கின. வீட்டிலிருந்தபடி சேவை பெறும் சிறாரைச் சென்றடையும் மதிப்பீடு இவற்றின் அடுத்த படியாகவே அமைய முடியும்.

பிற நாடுகளில்

சிங்கப்பூரில் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கீழ் நன்னடத்தைக் கண்காணிப்பு நடைபெறுகிறது. சிறு குற்றம் புரிந்த சிறாரை நீதிமன்றத்திற்கு அனுப்பாமல், சமூகச் சேவை அமைப்புகள் நடத்தும் ஆறு மாத வழிகாட்டித் திட்டத்தில் சேர்க்கும் முறையும் அங்கு உண்டு. இங்கிலாந்தில், குடும்பத்தை மையமாகக் கொண்ட பன்முகச் சிகிச்சை முறையை வழக்கமான சேவையுடன் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சிறந்ததெனப் பெயர் பெற்ற அம்முறை, அங்கு வழக்கமான சேவையைவிட மேம்பட்டதாகக் காணப்படவில்லை. ஒரு நாட்டில் பயனளித்த சேவை பிறிதொரு நாட்டிலும் அவ்வாறே பயனளிக்கும் எனக் கொள்ள இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

விமர்சனங்கள்

மதிப்பீடு குறித்துச் சில எதிர்க்கருத்துகளும் உள்ளன. சிறிய தொண்டு நிறுவனங்கள், படிவங்களை நிரப்புவதிலேயே பணியாளரின் நேரம் கழிவதாகக் கூறுகின்றன. உதவியை ஒரு சாராருக்கு மறுத்து ஒப்பிடுவது அறமன்று எனச் சிலர் கருதுகின்றனர். இடம் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில் அளிப்பது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, காத்திருப்போருடன் ஒப்பிடுவது இதற்குரிய விடையாகக் கூறப்படுகிறது. நன்னடத்தை அலுவலர் ஒருவரே பல பணிகளையும் சுமக்கும் நிலையில், சேவையின் தோல்வி அமைப்பினுடையதா, அரசு ஆளெடுக்காமையினுடையதா எனப் பிரித்தறிவதும் எளிதன்று.

சிறுவர்களின் கருத்தைக் கேளாத மதிப்பீடு முழுமையற்றது என்ற கருத்தும் வலுப்பெற்று வருகிறது. கேம்பிரிட்சு-சாமர்வில் ஆய்வு காட்டியதைப் போல அவர்களது மனநிறைவு மட்டும் போதாது. ஆயினும் அடி, இழிசொல், ஊதியமற்ற உழைப்பு ஆகியவற்றைப் பதிவேடுகள் காட்டுவதில்லை. அவற்றை அனுபவித்தவரே கூற முடியும்.

இவற்றையும் பார்க்க

- இளைஞர் நீதிக் குழுமம்
- குழந்தைகள் நலக் குழுமம்
- கூர்நோக்கு இல்லம்
- குழந்தைத் தொழிலாளர்
- காஞ்சிபுரம் மாவட்டம்